சிங்கப்பூரில் 30 லிட்டர் வரை சரி, திருச்சியில்?

வீட்டில் பீரும் ஒயினும் தயாரிக்கும் வாசகர் ஒருவர் வழக்கறிஞரான எனக்கு எழுதிய கடிதம் நீளமானது. சுருக்கித் தருகிறேன். ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 43. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் 11 வருடம் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் குடும்பத்தோடு திருச்சிக்குத் திரும்பிவிட்டார். அங்கே உடன் வேலை செய்த ஒருவரிடம் வீட்டில் பீர் தயாரிக்கக் கற்றுக்கொண்டார். திரும்பி வரும்போது புளிக்கவைக்கும் 23 லிட்டர் பெர்மென்டர் வாளி, வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக், சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டர், மூடி அழுத்தும் கருவி எல்லாவற்றையும் கார்கோவில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். மனைவிக்கு நாகர்கோவில் பக்கம். அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுவது பாட்டி காலத்துப் பழக்கம். பாட்டியின் பீங்கான் ஜாடி இப்போது இவர்கள் வீட்டில் இருக்கிறது. போன நவம்பரில் கம்பம் பன்னீர் திராட்சை வாங்கி அதில் ஒயின் போட்டார்கள், அதில் 12 பாட்டில் மிச்சம். பிறகு 20 பாட்டில் பீர். ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம் மாடிப்படிக்கு அடியில் அடுத்தடுத்து மூன்று பாட்டில் வெடித்தன. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார், விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

அதிலிருந்துதான் பிரச்சினை. ரயில்வேயில் ஓய்வு பெற்ற அப்பா, "வீட்டைச் சாராயக் கடை ஆக்கிட்டியா, கள்ளக்குறிச்சி மாதிரி எல்லாரையும் கொல்லப் போறியா" என்று கேட்டவர்தான், இரண்டு மாதமாக மகனோடு பேசவில்லை. மறுபக்கம் ஒரு நண்பர் தன் அக்கா மகன் ரிசப்ஷனுக்கு 40 பாட்டில் ஒயின் கேட்கிறார், பாட்டிலுக்கு 400 ரூபாய் தருகிறாராம். மச்சான் குக்கரில் குழாய் மாட்டிக் காய்ச்சினால் "பிராந்தி மாதிரி" வரும் என்கிறார். வாசகர் கேட்பது இதுதான்: "நான் ஸ்பிரிட் சேர்க்கவில்லை, விற்கவில்லை, வீட்டுக்கு மட்டும்தான் தயாரிக்கிறேன். இது குற்றமா? குற்றம் என்றால் சர்ச்சில் ஒயின் கொடுக்கிறார்களே, அது எப்படி? அப்பா சொல்வது போல இது விஷமாகுமா?"

நண்பரே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வாளி மூடியில் இருக்கும் ஏர்லாக்கில் ராத்திரி நேரத்தில் 'பொளக் பொளக்' என்று குமிழி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வேலையை ஆசையோடு செய்கிறவர்தான் அப்படி எழுத முடியும். அதனால்தான் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்வது தமிழ்நாட்டில் குற்றம். வீட்டுக்கு மட்டும் என்றாலும், விற்காவிட்டாலும், ஸ்பிரிட் ஒரு சொட்டு சேர்க்காவிட்டாலும் குற்றம்தான். உங்கள் அப்பாவின் பயத்தில் பாதி தவறு, பாதி சரி. எந்தப் பாதி எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

வீட்டுக்குன்னா தப்பில்லை என்ற நம்பிக்கை

இங்கே இன்றைக்கும் நடப்பில் இருப்பது 1937-ம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், 1974-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1981-ல் மறுபடி தளர்த்தினார்கள், 1983-ல் டாஸ்மாக் வந்தது. இத்தனைக்குப் பிறகும் அந்தச் சட்டத்தை யாரும் நீக்கவில்லை. நிறையப் பேருக்கு இது தெரியாது. தெருவுக்குத் தெரு கடை இருக்கும்போது மதுவிலக்குச் சட்டமா என்று கேட்பார்கள். சட்டத்தின் அடிப்படை இன்னமும் தடைதான். மது தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது, விற்பது, வாங்குவது, குடிப்பது எல்லாமே 4-வது பிரிவில் தடை செய்யப்பட்டவை. உரிமம், விலக்கு, விதி என்று அரசு திறந்துவிட்ட கதவுகள் வழியாக மட்டும்தான் டாஸ்மாக் பாட்டில் சட்டப்படி உங்கள் வீட்டுக்குள் வருகிறது. அந்தப் பாட்டிலைக்கூட விதியில் சொன்ன அளவுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வீட்டில் தயாரிப்பவருக்கு அப்படி ஒரு கதவை இந்த மாநிலம் திறக்கவே இல்லை.

அடுத்து, 'மது' என்றால் என்ன என்பது. சாராயமும் பிராந்தியும்தான் மது, ஒயின் வெறும் பழரசம் புளித்தது என்று நினைத்திருக்கிறீர்கள். சட்டத்தின் வரையறையில் கள், சாராயம், ஸ்பிரிட், ஒயின், பீர் என்று பெயர் சொல்லிவிட்டு, ஆல்கஹால் உள்ள எல்லாத் திரவமும் என்று முடிகிறது. ஒயினும் பீரும் பெயரோடு இருக்கின்றன. இயற்கையாகப் புளித்தாலும், நாம் புளிக்க வைத்தாலும் அது தயாரிப்புதான். தயாரிக்கும் நோக்கத்தோடு பாத்திரமும் கருவியும் வைத்திருப்பதுகூட அதே பிரிவில்தான் வருகிறது.

ஒன்றை உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முன் என்னிடம் வந்த ஒரு வழக்கு. புறநகரில் ஒரு வீட்டின் பின்கட்டில், தண்ணீர் பிடிக்கும் நீல நிற டிரம்மில் பழம், வெல்லம் போட்டு ஊறவைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் விற்றதாக யாரும் சொல்லவில்லை. சோதனை செய்த இடத்தில் போலீஸ் எழுதும் மஹஜரை வாங்கிப் பார்த்தேன். திறந்து நுகர்ந்து பார்த்ததில் புளித்த வாடை வீசியது, 'ஊறல்' சுமார் 20 லிட்டர், மாதிரிக்கு ஒரு பாட்டில் எடுத்து அரக்கு முத்திரையிட்டுவிட்டு மீதி அங்கேயே தரையில் கொட்டி அழிக்கப்பட்டது என்று இருந்தது. அவ்வளவுதான். உங்களுடைய மால்ட் (முளைகட்டிய தானியம்), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ), நீங்கள் நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்திருக்கும் ஹைட்ரோமீட்டர் அளவுகள் எதுவும் அந்தக் காகிதத்தில் இடம்பெறாது. உங்கள் வாளிக்கும் கல்வராயன் மலையில் சாராயத்துக்குப் புதைத்துவைத்த பானைக்கும் போலீஸ் ஆவணத்தில் ஒரே பெயர்தான், ஊறல்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அதே மாதத்தில் சட்டமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டியது. யாராவது பழைய புத்தகத்தைப் பார்த்து "சின்ன அபராதத்தோட போயிடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

சிங்கப்பூரும் சர்ச்சும் கேரளமும்

சிங்கப்பூரில் நீங்கள் செய்தது முழுக்கச் சட்டப்படிதான். அங்கே 18 வயதானவர், தன் வீட்டில், சொந்த உபயோகத்துக்கு, ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை பீரோ ஒயினோ உரிமம் இல்லாமல் தயாரிக்கலாம். விற்கக்கூடாது, காய்ச்சி வடிக்கக்கூடாது. 11 வருடம் அப்படிச் செய்து பழகிய கை இங்கே வந்து சட்டென்று மாறாது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அனுமதி அந்த ஊர் கொடுத்தது, அந்த ஊரோடு முடிந்துவிட்டது. இந்தியாவுக்குள்ளேயே இது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அரசியலமைப்பில் மது மாநிலப் பட்டியலில் 8-வது பதிவாக இருக்கிறது, தயாரிப்பு, இருப்பு, போக்குவரத்து, விற்பனை எல்லாம் மாநிலத்தின் கையில். பாண்டிச்சேரியில் கடையில் பில்லோடு வாங்கிய பாட்டிலைக் காரில் வைத்து அனுமதியில்லாமல் தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

சர்ச்சில் திருப்பலிக்கு வைக்கும் திராட்சை ரசம் அனுமதி பெற்று, கணக்கு வைத்துப் பயன்படுத்துவது. அந்த அனுமதி நிறுவனத்துக்குத்தான், அங்கே வந்து போகிறவர்களின் சமையலறைக்கு இல்லை. உங்கள் மனைவி, "எங்க ஊர்ல எல்லா வீட்லயும் போடுறாங்க, பக்கத்துல கேரளாவுல இன்னும் அதிகம், யாரையும் பிடிக்கலையே" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கேரளத்திலேயே 2019-ல் கிறிஸ்துமஸுக்கு முன்னால், உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது குற்றம் என்று கலால் துறை எச்சரிக்கை விட்டது. பழக்கமாக நடப்பதை அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் விடலாம், பல வருடம் விட்டும் இருக்கலாம். ஆனால் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் வண்டி நிறுத்துவதில் தகராறு வந்தால், அவர் கையில் ஒரு போன் நம்பர் இருக்கிறது. உங்கள் தெருவுக்கு ஏற்கெனவே விஷயம் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்பாவின் பயத்தில் தவறான பாதி

இந்தப் பகுதியை அப்பாவிடம் காட்டுங்கள். கள்ளக்குறிச்சியில் ஆட்களைக் கொன்றது மெத்தனால், தொழிற்சாலை உபயோகத்துக்கான ரசாயனம். அதைச் சாராயத்தில் கலந்து விற்றார்கள். உடம்புக்குள் போனதும் அது பார்மிக் அமிலமாக மாறும், பார்வை நரம்பைத்தான் முதலில் தாக்கும். பழத்தையோ மால்ட்டையோ ஈஸ்ட் புளிக்கவைக்கும்போது உண்டாவது எத்தனால், கூடவே கார்பன் டை ஆக்சைடு. திராட்சைத் தோலில் உள்ள பெக்டின் என்ற பொருளிலிருந்து மெத்தனாலும் கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனால் அது கடையில் விற்கும் ஒயினிலும் இருக்கிற, லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராமுக்குள் அடங்கிவிடுகிற அளவு. சுத்தமான ஜாடியில் போட்ட பன்னீர் திராட்சை ஒயின் கள்ளக்குறிச்சி ஆகாது. மகன் கொலைகாரன் ஆகிவிடுவானோ என்று அவர் தூக்கமில்லாமல் இருக்க வேண்டாம்.

இனி சரியான பாதி. ஈஸ்ட் உண்டாக்கும் எத்தனாலும் உடம்புக்கு நல்லது இல்லை. மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே சேர்த்துவிட்டது. வீட்டில் போட்டதால் அது மூலிகைக் கஷாயம் ஆகிவிடாது.

பாட்டில் வெடித்ததற்கு வெயிலைக் குறை சொல்லியிருக்கிறீர்கள். ஏப்ரல் திருச்சி வெயில் வேகத்தைக் கூட்டியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் காரணம் பாட்டிலுக்குள் மிச்சமிருந்த சர்க்கரைதான். புளிப்பு முடிந்துவிட்டதா என்று ஹைட்ரோமீட்டரில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பார்த்து, அளவு அசையாமல் நின்ற பிறகுதான் பாட்டிலில் அடைக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கடிதத்தில், "கல்யாண வேலை இருந்ததால் அவசரமா அடைச்சிட்டேன்" என்று நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மீதி 17 பாட்டிலும் அதே அவசரத்தில் அடைத்தவைதானே? மாடிப்படிக்கு அடியில் உங்கள் சின்னப் பெண் சைக்கிள் நிறுத்துகிற இடம் அது. மற்ற எதைச் செய்வதற்கு முன்னும், இன்றைக்கே, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் போட்டுக்கொண்டு, ஈரக் கோணியால் மூடி, குளிர்ந்த நேரத்தில் அவற்றைக் கையாளுங்கள்.

மச்சானின் குக்கரும் நண்பரின் 40 பாட்டிலும்

குக்கர் யோசனையை இந்த நிமிடத்தோடு விட்டுவிடச் சொல்லுங்கள். காய்ச்சி வடிக்கும்போது வரும் ஆவி சமையலறை அடுப்பில் தீப்பிடிக்கும், அடைத்துக்கொண்டால் குக்கர் வெடிக்கும், பழ ஊறலில் கொஞ்சமாக இருந்த மெத்தனாலும் வடித்ததில் செறிவாக வந்து சேரும். அதுவரை 'பொழுதுபோக்கு' என்று நான் நீதிமன்றத்தில் வாதிடக்கூடிய ஒன்று, அந்தக் குழாயை மாட்டிய நிமிடத்தில் சாராயம் காய்ச்சிய வழக்கு ஆகிவிடும். வீட்டில் பீர் போட அனுமதிக்கும் சிங்கப்பூர்கூடக் காய்ச்சி வடிப்பதை அனுமதிப்பதில்லை.

நண்பருக்கு 40 பாட்டில் கொடுப்பதும் கூடவே கூடாது. 16,000 ரூபாய் வாங்கினால் அது விற்பனை. பணம் வாங்காமல் அன்பளிப்பாகக் கொடுத்தால் பரவாயில்லையே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன்: வைத்திருப்பதும் கொண்டுபோவதும் தனித்தனிக் குற்றம், மண்டபத்துக்கு வண்டியில் ஏற்றியதும் அதுவும் சேர்ந்துகொள்ளும். அந்த ரிசப்ஷனில் 200 பேர் சாப்பிட்டு, பிரியாணி ஒத்துக்கொள்ளாமல் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால்கூட, முதல் விரல் உங்கள் பாட்டிலை நோக்கித்தான் நீளும். நண்பர் வாட்ஸ்அப்பில் "பாட்டில் 400, 40 கன்பர்ம்" என்று அனுப்பியிருக்கிறார் என்றீர்கள். அதற்கு, "இல்லை, என்னால் முடியாது, நான் விற்பதில்லை" என்று தெளிவாக எழுத்திலேயே பதில் போடுங்கள். பதில் போடாமல் விட்டால் அது பின்னால் சம்மதமாகப் படிக்கப்படும்.

பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு ஸ்பூன்

கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காத, போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. கிறிஸ்துமஸ் காலையில் கேக்கோடு 14 வயது மகனுக்கும் 9 வயது மகளுக்கும் ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் ஒயின் கொடுத்தோம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஒரு ஸ்பூன் குடித்தார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மது கொடுத்தால் 7 வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஸ்பூனா கிண்ணமா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றால், புகார் கொடுக்கப்போவது அதன் அப்பா அம்மா. பாட்டி காலத்தில் எல்லாரும் கொடுத்தார்கள் என்பது உண்மைதான், எனக்கும் தெரியும். இனி வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. வீட்டு ஒயினில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று குடிக்கிறவருக்குத் தெரியாது. இனிப்பாக இருக்கிறதே, ஜூஸ்தானே என்று இரண்டு டம்ளர் குடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுப்பார்கள். ஒரு லிட்டரில் 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஏறக்குறைய ஒரு சதவீத ஆல்கஹால் என்ற கணக்கு உங்களுக்குத் தெரியும். பழத்தோடு கூடுதலாகச் சர்க்கரையும் கொட்டியிருப்பதால் உங்களுடையது 12 சதவீதம் வந்திருக்கிறது. வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு, முதல் தடவையே 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. உங்கள் வீட்டில் குடித்துவிட்டுப் போன உறவினர் அரிஸ்டோ ரவுண்டானாவில் ஊதச் சொல்லி நிறுத்தப்பட்டால், "எங்கே குடிச்சீங்க" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

இப்போது என்ன செய்வது

உங்கள் மேல் இதுவரை புகாரோ விசாரணையோ இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இருக்கும்போது, சட்டத்துக்குப் புறம்பான ஒன்றை வைத்திருப்பதை நிறுத்திக்கொள்வது சரியான காரியம்தான். பாட்டில்களைத் திறந்து சாக்கடையில் ஊற்றிவிடுங்கள். மனசு வலிக்கும், தெரியும். யாருக்கும் கொடுத்தனுப்பாதீர்கள், நாகர்கோவிலுக்கு எடுத்துப்போய் வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ஒருவேளை நீங்கள் இதைப் படிப்பதற்குள் யாராவது வந்து விசாரித்துவிட்டால், அதன் பிறகு எதையும் தொடக்கூடாது, அது ஆதாரத்தை அழித்ததாகிவிடும். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பெர்மென்டர் வாளியையும் மூடிக் கருவியையும் கழுவிக் காயவைத்து, சிங்கப்பூரில் இருக்கும் அந்த நண்பருக்கே திருப்பி அனுப்ப முடிந்தால் நல்லது. பீங்கான் ஜாடியில் ஊறுகாய் போடலாம், அது பாட்டியின் சொத்து, அதை ஒன்றும் செய்ய வேண்டாம். மச்சான் குடும்ப குரூப்பில் போட்ட படங்களை அவரையே எடுத்துவிடச் சொல்லுங்கள், இனிமேல் போடவும் வேண்டாம்.

ஒருவேளை மதுவிலக்கு அமலாக்கப் பிரிவினர் வீட்டுக்கு வந்தால், தடுக்காதீர்கள், கத்தாதீர்கள். என்ன எடுத்தாலும் அதன் பட்டியலுக்கு நகல் கேளுங்கள். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவு சொல்கிறது, எடுக்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்கலாம். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், விருப்பப்பட்ட வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இவை அரசியலமைப்பின் 22-வது பிரிவு உங்களுக்குத் தரும் உரிமைகள். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள், பயத்தில் எதையாவது சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

கற்ற கலையை என்ன செய்வது

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. உங்களுக்கு இருக்கும் திறமை இந்த நாட்டிலேயே சம்பளம் தரக்கூடியது. பெங்களூரிலும் புனேயிலும் சின்ன அளவில் பீர் தயாரிக்க உரிமம் பெற்ற மைக்ரோ ப்ரூவரிகள் இருக்கின்றன, அங்கே ஈஸ்ட்டையும் வெப்பநிலையையும் புரிந்தவர்களுக்கு வேலை உண்டு. ஒயின்தான் ஆர்வம் என்றால் நாசிக் பக்கமும் பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்திலும் திராட்சைத் தோட்டத்தோடு சேர்ந்த ஒயினரிகளைச் சுற்றிப் பார்க்கலாம், அங்கேயே ருசி பார்க்கலாம். கிறிஸ்துமஸுக்கு, பன்னீர் திராட்சையைப் பட்டை, கிராம்பு போட்டு வேகவைத்து, வடிகட்டி, ஈஸ்ட் போடாமல் உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் நல்ல ரசம் கிடைக்கும், அதைப் பிள்ளைகளும் குடிக்கலாம். வெளியில் வைத்தால் காற்றில் உள்ள ஈஸ்ட் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும், இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

சட்டத்தை எதிர்த்து ரிட் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஜெயிக்கும் என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்க எனக்கு இஷ்டமில்லை. மது வியாபாரம் செய்வது அடிப்படை உரிமை ஆகாது என்று கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அரசியலமைப்பின் 47-வது பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்கிறது. நீங்கள் வியாபாரம் செய்யவில்லை, சொந்த உபயோகம்தான் என்று பிரித்து வாதிடலாம். ஆனாலும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அது சுலபமாக எடுபடும் என்று நான் நினைக்கவில்லை.

மாற்றம் வந்த இடங்களில் எல்லாம் அரசு வழியாகத்தான் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் வீட்டில் பீர் போட வேண்டியிருந்த உரிமத்தை 1963-ல் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டு ஒயினுக்கு வழிவிட்டவர்கள் வீட்டு பீரை விட்டுவிட்டார்கள். வீட்டில் பீர் போடுகிறவர்கள் 45 வருடம் காத்திருந்து, 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது சட்டப்படியானது. வயது வந்தவர் ஒருவருக்கு வருடம் 100 காலன், இருவர் இருக்கும் வீட்டுக்கு 200 காலன், விற்கக்கூடாது. நம் சென்னையில் உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை செயலாளருக்கு, உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு, அளவும் வயதும் விற்பனைத் தடையும் வைத்து ஒரு சின்ன விலக்கு கேட்டு நீங்கள் மனு எழுதலாம். அதை எழுதுவதில் குற்றமே இல்லை. தயாரிப்பதை நிறுத்திய பிறகு எழுதுங்கள். நகலை எனக்கும் அனுப்புங்கள், வரைவைச் சரிபார்த்துத் தருகிறேன், அதற்குப் பணம் வேண்டாம்.

அப்புறம் அப்பா. பாட்டிலைக் கொட்டும் அன்றைக்கு அவரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூடி திறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காரவிடாதீர்கள். திறந்து, நுரை அடங்கிய பிறகு வந்து பார்க்கட்டும்.